61 டாலர் 18 சென்ட்

போன வியாழக்கிழமை காலையில க்ளினிக் பேங்க் கணக்குல 61 டாலர் 18 சென்ட் வந்து விழுந்துச்சு.

பெரிய தொகை இல்ல. நாலு பேர் ஹோட்டல்ல தோசை சாப்பிட்டு எழுந்தா காலி. ஆனா அதைப் பார்த்ததும் ஃப்ரண்ட் டெஸ்க் பொண்ணைக் கூப்பிட்டு ஸ்க்ரீனைக் காட்டினேன். ரெண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு. போன ஜூன் மாசம் நான் பார்த்த ஒரு பேஷன்ட்டுக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்க வேண்டிய காசு அது. ஏழு மாசம் கழிச்சு வருது. மாட்டிக்கிட்டுக் கிடந்தது மொத்தம் 43 க்ளெய்ம். அதுல இது 39-ஆவது.

இந்த 43 கதையைச் சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன். முழுசா முடியட்டும்னு காத்திருந்தேன். முடிஞ்ச மாதிரிதான் இருக்கு.

புதுசா வர்றவங்களுக்கு: நான் பிசிக்கல் தெரபிஸ்ட். நம்ம ஊர்ல பிசியோன்னு சொல்வோம். கோயம்புத்தூர்ல படிச்சேன், இப்ப நியூ ஜெர்சில சின்னதா ஒரு க்ளினிக் வெச்சிருக்கேன். நானும் இன்னொரு தெரபிஸ்ட்டும், ஒரு ஃப்ரண்ட் டெஸ்க் பொண்ணும். அவ்வளவுதான் எங்க படை. முட்டி, இடுப்பு, தோள்பட்டை, விழுந்து எழுந்தவங்க, ஆபரேஷன் முடிஞ்சவங்கன்னு நாள் முழுக்க ஆள் வந்துக்கிட்டே இருப்பாங்க. வேலை எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. அந்த வேலைக்குக் காசு வாங்குறது இருக்கே, அது தனியா இன்னொரு வேலை.

இங்க பேஷன்ட் நேரா காசு கொடுத்துட்டுப் போறதில்ல. கோ-பேன்னு 20, 40 டாலர் கொடுப்பாங்க. மிச்சத்தை நாம இன்ஷூரன்ஸுக்கு க்ளெய்ம் அனுப்பி வாங்கணும். என்ன செஞ்சோம்கிறதுக்கு ஒரு அஞ்சு இலக்க நம்பர். உடற்பயிற்சி 97110. கையால செய்யுற சிகிச்சை 97140. குனிஞ்சு எடுக்குறது, படி ஏறுறது மாதிரி அன்றாட வேலைகளைப் பழக்குறது 97530. ஒவ்வொண்ணும் எத்தனை நிமிஷம்னு எழுதணும். அந்த நிமிஷத்தை யூனிட்டா மாத்தணும். அப்புறம் மாடிஃபயர்னு ரெண்டு எழுத்து ஒட்டணும். பிசிக்கல் தெரபின்னா ஜி.பி. அதை ஒட்ட மறந்தா மெடிகேர் (பெரியவங்களுக்கான அரசாங்க இன்ஷூரன்ஸ்) அந்த க்ளெய்மைத் தொடக்கூடத் தொடாது.

முதல் ஒரு வருஷம் நானே பில்லிங் பண்ணேன். பகல்ல பேஷன்ட், ராத்திரி க்ளெய்ம். மதியச் சாப்பாட்டு நேரத்துல இன்ஷூரன்ஸுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சுட்டு, அந்த ஹோல்டு மியூசிக்கைக் கேட்டுக்கிட்டே தயிர்சாதம் சாப்பிடுவேன். அந்த ஒரு வருஷம் எனக்குக் கத்துக்கொடுத்தது அதிகம். புதுசா க்ளினிக் திறக்குற யாருக்கும் நான் சொல்றது இதுதான்: ஆறு மாசமாவது நீங்களே பண்ணுங்க. அப்பதான் பின்னாடி யார்கிட்ட கொடுத்தாலும் அவங்க என்ன செய்யறாங்க, என்ன செய்யலைன்னு கண்ணுல படும்.

அதுக்கப்புறம் முடியல. ஆள் தேட ஆரம்பிச்சேன்.

முதல் கம்பெனியை ஒரு டாக்டர் நண்பர் கைகாட்டினார். அவருக்குப் பல வருஷமா அவங்கதான் பண்றாங்க. வசூலாகிற பணத்துல 4 சதவீதம். மத்தவங்க 6, 7, 8னு கேட்டப்ப இவங்க 4 சொன்னதும் எனக்கு மனசு குளுந்துடுச்சு. கையெழுத்துப் போட்டேன்.

(இங்க ஒரு இடைச்செருகல். இந்தச் சதவீதக் கணக்கெல்லாம் நியூ ஜெர்சில ஓடுது. ஆத்தைத் தாண்டி நியூயார்க் போனா பில்லிங் கம்பெனிக்கு வசூல்ல பங்கு கொடுக்கக்கூடாது, அதைக் கமிஷன் பிரிக்கிறதா எடுத்துக்கறாங்க. அங்க க்ளெய்முக்கு இவ்வளவு, இல்ல மாசத்துக்கு இவ்வளவுன்னுதான் பேசணும். அந்தப் பக்கம் க்ளினிக் வைக்கிறவங்க ஞாபகம் வெச்சுக்கோங்க.)

அந்த 4 சதவீதம் எனக்கு எவ்வளவு செலவு வெச்சுதுன்னு புரியவே ஒரு வருஷம் ஆச்சு.

கணக்கைப் பாருங்க. ஒரு சர்ஜன் ஒரு ஆபரேஷனுக்கு க்ளெய்ம் அனுப்பினா ஆயிரக்கணக்குல இருக்கும். அது நின்னுபோச்சுன்னா பில்லிங் கம்பெனி நாலு தடவை போன் போடும், அப்பீல் எழுதும். நம்ம தொழில் அப்படி இல்ல. ஒரு பேஷன்ட் வாரத்துக்கு ரெண்டு தடவை, ஆறு வாரம், எட்டு வாரம் வருவாங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன க்ளெய்ம். என் க்ளினிக்ல சராசரியா 80 டாலர். 80-ல 4 சதவீதம் 3 டாலர் 20 சென்ட். அந்த க்ளெய்ம் திரும்பி வந்துச்சுன்னா, இன்ஷூரன்ஸுக்கு போன் போட்டு ஆள் பிடிச்சுப் பேச அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் ஆகும். 3 டாலர் 20 சென்ட்டுக்காக யார் முக்கால் மணி நேரம் உக்காந்து பேசுவாங்க?

யாரும் பேச மாட்டாங்க. பேசல.

க்ளெய்ம் அனுப்புவாங்க. வந்த பணத்தை வரவு வெப்பாங்க. வராததை அப்படியே விட்டுடுவாங்க. மாசக் கடைசியில எனக்கு ஒரு அழகான ரிப்போர்ட் வரும், இவ்வளவு அனுப்பினோம், இவ்வளவு வந்துச்சுன்னு. வராதது எவ்வளவு, எத்தனை நாளாச்சுங்கிற பக்கம் மட்டும் அதுல இருக்காது. நானும் கேட்கல. ஒருநாள் கேட்டு வாங்கிப் பார்த்தா, 120 நாள் தாண்டின பத்தியில மட்டும் ரெண்டு பக்கம் ஓடுது. அதுல பாதிக்கு மேல கெடு தாண்டினது. மெடிகேருக்குச் சேவை செஞ்ச நாள்ல இருந்து ஒரு வருஷம் டைம் இருக்கு. தனியார் இன்ஷூரன்ஸ் பலதுக்கு 90 நாள், 180 நாள்தான். தாண்டிட்டா சி.ஓ. 29-னு ஒரு கோடு போட்டு அனுப்பிடுவாங்க. அந்தப் பணத்தைப் பேஷன்ட்கிட்டயும் கேட்கக்கூடாது. ஒப்பந்தப்படி அது நம்ம தலையில.

அதனால இப்ப யார் என்கிட்ட "எத்தனை சதவீதம் கொடுக்கறீங்க"ன்னு கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கறது, "80 டாலர் க்ளெய்ம் திரும்பி வந்தா அங்க யார் போன் எடுக்கறாங்க?" அந்த ஆளோட வேலை நேரத்துக்கும் சேர்த்துத்தான் நாம காசு கொடுக்கறோம். சதவீதம் அதுக்கப்புறம் பேசிக்கலாம்.

ரெண்டாவது கம்பெனி பெருசு. சாஃப்ட்வேரும் அவங்களே, பில்லிங்கும் அவங்களே. நோட்ஸ் எழுதி முடிச்சா அதுவே க்ளெய்மா மாறிப் போயிடும். டெமோ பார்த்தப்ப கண்ணு விரிஞ்சுது. ஒரு வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு, அதை மறைக்கக் கூடாது. எதுக்கு எவ்வளவு கொடுத்தோம்னு இன்ஷூரன்ஸ் அனுப்பற தாள் (ஈ.ஓ.பி.) வந்ததும் வரவு, திரும்பினதுல பாதியாவது திருத்தி அனுப்பினாங்க.

ஒப்பந்தத்தைத்தான் நான் சரியாப் படிக்கல. "மொத்த வசூல்ல" இத்தனை சதவீதம்னு போட்டிருந்துச்சு. என் ஃப்ரண்ட் டெஸ்க்ல நானே கையில வாங்குற கோ-பேயும் அதுல சேர்த்தின்னு மூணாவது மாசம்தான் தெரிஞ்சுது. வாங்கறது நாங்க, ரசீது எழுதறது நாங்க, அதுல பங்கு அவங்களுக்கு. "இன்ஷூரன்ஸ்ல இருந்து நீங்க வசூலிச்சுத் தர்ற பணத்துக்கு மட்டும்"னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும். இப்ப என் ஒப்பந்தத்துல அந்த வரி இருக்கு.

இப்ப அந்த 43-க்கு வர்றேன்.

போன வருஷம், 2025 மார்ச்ல, க்ளினிக்கை அதே கட்டடத்துல பக்கத்துப் பெரிய இடத்துக்கு மாத்தினோம். சூட் நம்பர் 4-ல இருந்து 7. தெரு அதே, பின்கோடு அதே, கதவு நம்பர் அதே. மாறினது ஒரே ஒரு இலக்கம்.

எல்லா இன்ஷூரன்ஸுக்கும் முகவரி மாத்த ஃபாரம் அனுப்பினேன். (ஃபாக்ஸ்லதான். அமெரிக்காவுல ஃபாக்ஸ் இன்னும் உயிரோட இருக்கிறது ஆஸ்பத்திரியாலயும் இன்ஷூரன்ஸாலயும்தான்.) பில்லிங் கம்பெனிக்கும் சொன்னேன். அவங்க க்ளெய்ம்ல முகவரியை மாத்திட்டாங்க. க்ளெய்ம் ஃபாரத்துல 33-ஆம் கட்டம், பணம் யாருக்குப் போகணும்கிற கட்டம், அதுல புது சூட் நம்பர் ஏறிடுச்சு.

ஒரு இன்ஷூரன்ஸ்ல மட்டும் அவங்க பதிவேட்டுல அது ஏறல. அங்க நான் இன்னும் சூட் 4. க்ளெய்ம் சூட் 7-ல இருந்து வருது. கம்ப்யூட்டர் ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துது, பொருந்தல. உடனே என்னை வெளியாள்னு முடிவு பண்ணிடுச்சு. அவங்களோட ஒப்பந்தம் போட்ட நெட்வொர்க்குக்கு வெளிய இருக்கிற க்ளினிக்.

க்ளெய்ம் திரும்பி வந்திருந்தாலாவது யாராவது கவனிச்சிருப்பாங்க. இது திரும்பி வரல. "பரிசீலிச்சாச்சு"ன்னே வந்துச்சு. நெட்வொர்க்குக்கு வெளிய போனா பேஷன்ட் முதல்ல தன் கையில இருந்து கட்ட வேண்டிய தொகையில (டிடக்டிபிள்) கழிச்சாச்சு, பேஷன்ட் கட்டணும்னு பி.ஆர். 1 கோடு போட்டு வந்துச்சு. பில்லிங் கம்பெனிக்கு அது பிரச்சினையாவே தெரியல. பி.ஆர். போட்டா பேஷன்ட் பொறுப்பு, பேஷன்ட்டுக்கு பில் அனுப்பு. அனுப்பிட்டாங்க.

என்கிட்ட ஒரு அம்மா வந்துக்கிட்டிருந்தாங்க. 54 வயசு, ஸ்கூல் பஸ் ஓட்டறவங்க. வலது தோள்பட்டை இறுகிப்போய் வந்தாங்க, ஃப்ரோசன் ஷோல்டர். முதல் நாள் கையைப் பக்கவாட்டுல தூக்கச் சொன்னப்ப 70 டிகிரி. அதுக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பின்னால கையைக் கொண்டுபோய் சட்டையை இழுத்துவிட முடியல, தலைமுடி சீவ முடியல. வாரம் ரெண்டு தடவை வந்தாங்க. வீட்டுலயும் சொன்னதைச் சொன்னபடி செஞ்சாங்க. எட்டாவது வாரம் 125 டிகிரி. அந்த நாள் அவங்களே கண்ணாடி முன்னாடி நின்னு கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாங்க.

அதுக்கப்புறம் வரல. அப்பாயின்ட்மென்ட்டை ரத்து பண்ணிட்டாங்க. வேலை ஜாஸ்தின்னு சொன்னாங்களாம்.

ஜூலைல ஒருநாள் நேர்ல வந்தாங்க. கையில நாலா மடிச்ச ஒரு பேப்பர். 812 டாலர் பாக்கின்னு போட்டிருக்கு, என் க்ளினிக் பேர் மேல இருக்கு. "நீங்க என் இன்ஷூரன்ஸ் எடுத்துக்குவீங்கன்னு சொன்னீங்களே, மாசம் 100 டாலரா கட்டட்டுமா?"ன்னு கேட்டாங்க. கோபமே இல்ல. கடன்காரங்க மாதிரி நின்னாங்க. கையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். 95 டிகிரி. ஆறு வாரத்துல 30 டிகிரி போயிடுச்சு.

அன்னிக்கு வீட்டுக்குப் போய் எனக்குச் சாப்பாடு இறங்கல.

பில்லிங்னா ஆபீஸ் வேலை, சிகிச்சை வேறன்னுதான் அதுவரைக்கும் நினைச்சுக்கிட்டிருந்தேன். ஒரு சூட் நம்பர் ஒரு மனுஷியோட தோள்பட்டையில போய் உக்காரும்னு அன்னிக்குத்தான் பார்த்தேன்.

ரெண்டாவது கம்பெனிக்கு போன் பண்ணேன். டிக்கெட் போடச் சொன்னாங்க. போட்டேன். "இன்ஷூரன்ஸ் சரியாப் பரிசீலிச்சிருக்கு, பேஷன்ட் பொறுப்பு"ன்னு பதில். மறுபடி டிக்கெட். அதே பதில். மூணாவது டிக்கெட்டுக்குப் பதிலே இல்ல. அவங்களை விட்டு வெளிய வரணும்னு அன்னிக்கு முடிவு பண்ணேன். (வெளிய வர்றதும் சுலபமா இல்ல. முன்கூட்டி அறிவிப்பு, பழைய நோட்ஸ் எல்லாம் பி.டி.எஃப். கட்டா, பேஷன்ட் கணக்குப் பேரேடு தனியா. சேர்றதுக்கு முன்னாடியே "வெளிய போகும்போது என் டேட்டாவை எந்த வடிவத்துல தருவீங்க?"ன்னு எழுதி வாங்கிக்கோங்க.)

மூணாவது தடவை ஆள் தேடினப்ப, ப்ரோஷர் எதுவும் பார்க்கல, டெமோ எதுவும் கேட்கல. ஒரு பரீட்சை வெச்சேன்.

ஒரு பழைய விசிட் நோட்டை எடுத்து, பேர், பிறந்த தேதி எல்லாம் அழிச்சுட்டு, நாலு கம்பெனிக்கு அனுப்பினேன். 97110, 23 நிமிஷம். 97140, 15 நிமிஷம். 97530, 14 நிமிஷம். மொத்தம் 52. "எத்தனை யூனிட் பில் பண்ணுவீங்க?" அவ்வளவுதான் கேள்வி.

ஒருத்தர் 4-ன்னார். ரெண்டு பேர் 3-ன்னாங்க. நாலாவது இடத்துல இருந்து பதில் வரல, கேள்விதான் வந்துச்சு: "எந்த இன்ஷூரன்ஸ்?"

அவங்களையே எடுத்துக்கிட்டேன்.

ஏன்னு சொல்றேன். மெடிகேருக்கு எட்டு நிமிஷ விதி. மொத்த நிமிஷத்தைக் கூட்டணும். 8-ல இருந்து 22 வரைக்கும் 1 யூனிட், 37 வரைக்கும் 2, 52 வரைக்கும் 3, 53 ஆனாத்தான் 4. அப்ப நம்ம 52-க்கு 3 யூனிட். எதுக்கு எத்தனைன்னா, 97110-ல முழுசா ஒரு 15, 97140-ல முழுசா ஒரு 15. மிச்சம் 97110-ல 8, 97530-ல 14. பெரிய மிச்சத்துக்குத்தான் மூணாவது யூனிட். ஆக ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு. ஆனா சில தனியார் இன்ஷூரன்ஸ் ஒவ்வொரு கோடையும் தனித்தனியா எண்ணும். அங்க 23 நிமிஷம் 2 யூனிட், 15-க்கு 1, 14-க்கு 1. மொத்தம் 4. அதே அம்பத்திரண்டு நிமிஷம், அதே வேர்வை. ஒரு இடத்துல 3, இன்னொரு இடத்துல 4. மெடிகேருக்கு 4 போட்டா அதிகமாக் கேட்டதாகும், தணிக்கையில மாட்டும். மத்தவங்களுக்கு 3 போட்டா நம்ம உழைப்பு காத்துல போகும். யார் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்கறாங்களோ அவங்களுக்கு நம்ம தொழில் தெரியும்.

அவங்க கேட்டது 7 சதவீதம். யோசிக்காம சரின்னேன். ஹிப்பா சட்டப்படி நோயாளி விவரத்தைக் காப்பாத்தறதுக்கான ஒப்பந்தத்தை நான் கேட்கறதுக்கு முன்னாடி அவங்களே அனுப்பினாங்க. அதுவும் எனக்குப் பிடிச்சுது.

சின்னக் கம்பெனி. இங்க ரெண்டு பேர், மிச்சம் எல்லாரும் திருச்சியில.

நம்ம ஊர்ப் பிள்ளைங்க எத்தனை ஆயிரம் பேர் இந்த வேலையில இருக்காங்கன்னு இங்க இருக்கிற டாக்டருங்களுக்குத் தெரியாது. ஓ.எம்.ஆர்., அம்பத்தூர், கோயம்புத்தூர், திருச்சி. சாயங்காலம் கேப் ஏறி, விடியக்காலம் வீடு திரும்பற பிள்ளைங்க. வராத பாக்கிக்காக இன்ஷூரன்ஸுக்கு போன் போடற ஏ.ஆர். காலர்னு சொன்னா இதைப் படிக்கற உங்கள்ல பாதிப் பேர் வீட்டுல ஒரு தம்பியோ, சித்தப்பா பொண்ணோ இருப்பாங்க. அமெரிக்கக் கிழவிக்கு முட்டி மடங்குச்சா, அதுக்குக் காசு வந்துச்சான்னு அங்க நடுராத்திரியில ஒருத்தர் ஹோல்டு மியூசிக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. என் தயிர்சாத வருஷத்தை நினைச்சுக்குவேன். எனக்கு அந்த வேலைமேல பெரிய மரியாதை.

செப்டம்பர்ல வேலை ஆரம்பிச்சாங்க. ரெண்டாவது வாரமே திருச்சியில இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு.

"மேடம், ஒரு டவுட். உங்களுக்கு இப்ப டைம் இருக்குமா?"

"சொல்லும்மா."

"இந்த ஒரு ப்ளான்ல எல்லா பேஷன்ட்டுக்கும் மார்ச் வரைக்கும் வெறும் கோ-பேதான் மேடம். மார்ச்சுக்கு அப்புறம் எல்லாருக்கும் டிடக்டிபிள்ல போகுது. டிடக்டிபிள் ஜனவரியிலதானே ஆரம்பிக்கும்? நடு வருஷத்துல எல்லாருக்கும் ஒண்ணா எப்படி வரும்? மார்ச்ல என்ன மேடம் ஆச்சு?"

நான் நின்ன இடத்துலயே நின்னேன். ஆறு மாசம், மூணு டிக்கெட், ஒரு பெரிய கம்பெனி. யாரும் கேட்காத கேள்வியை அந்தப் பொண்ணு ரெண்டு வாரத்துல கேட்டுடுச்சு. தனித்தனி க்ளெய்மாப் பார்த்தா எதுலயும் தப்பு தெரியாது. வரிசையா அடுக்கி, தேதி போட்டுப் பார்த்தாத்தான் தெரியும். அது அடுக்கிப் பார்த்திருக்கு.

"இடம் மாத்தினோம்மா"ன்னேன்.

"அட்ரஸ்ஸா மேடம்? அப்ப அதுதான்."

அன்னிக்கு ராத்திரியே (அவங்களுக்கு) இன்ஷூரன்ஸுக்கு போன் போட்டுது. முதல் ஆள் எதுவும் தெரியாதுன்னுட்டார். ரெண்டாவது ஆள் கோப்பைத் திறந்து பார்த்து, ஆமா, சூட் 4-னுதான் இருக்குன்னார். முகவரியைத் திருத்தி, முன் தேதியிட்டு ஏத்த வெச்சு, 43 க்ளெய்மையும் ஒரே கட்டா மறுபரிசீலனைக்கு அனுப்ப வெச்சுது. ஒவ்வொரு போனுக்கும் யார் பேசினாங்க, எத்தனை மணிக்கு, ரெஃபரன்ஸ் நம்பர் என்னன்னு எழுதி வெச்சிருக்கு. அந்த ஷீட்டை எனக்கு அனுப்புச்சு. மொத்தம் 17 போன். நான் அதை அச்சடிச்சு ஆபீஸ் சுவர்ல ஒட்டி வெச்சிருக்கேன்.

ஒண்ணொண்ணா வந்துச்சு. அக்டோபர்ல 22. நவம்பர், டிசம்பர்ல இன்னும் பல. பில் கட்டிட்ட பேஷன்ட்டுகளுக்கெல்லாம் கோ-பே போக மிச்சத்தைச் செக் போட்டுத் திருப்பி அனுப்பினேன். கூடவே கையால எழுதின ஒரு மன்னிப்புக் கடிதம். பஸ் ஓட்டற அம்மாவுக்கு நானே போன் பண்ணேன். 812 டாலர் கிடையாதும்மா, கிடையவே கிடையாது, நாளைக்கே வாங்கன்னேன். வந்தாங்க. மறுபடி 95-ல இருந்து ஆரம்பிச்சோம். இப்ப 140.

செவ்வாய்க்கிழமைதோறும் எங்களுக்கு அரை மணி நேரம் பேச்சு. இங்க காலை 8, அங்க சாயங்காலம் 6:30 (கோடையில 5:30). ஒரே ஒரு பேப்பர்தான் முன்னாடி இருக்கும், 60 நாள் தாண்டின க்ளெய்ம் லிஸ்ட். அனுப்பினது எவ்வளவு, வந்தது எவ்வளவுன்னு நான் இப்ப முதல்ல பார்க்கறதே இல்ல. வராததைத்தான் பார்க்கறேன். ஒவ்வொண்ணுக்கும் கடைசியா யார் எப்ப போன் போட்டாங்கன்னு கேட்பேன். அந்தப் பொண்ணும் என்னைக் கேட்கும். "மேடம், அந்த முட்டி பேஷன்ட்டுக்கு 10 விசிட் ஆச்சு, ப்ராக்ரஸ் ரிப்போர்ட் இன்னும் வரல"ன்னு. மெடிகேருக்குப் பத்து விசிட்டுக்கு ஒரு தடவை அது எழுதியே ஆகணும். எங்க பக்கத்துல இருந்து நோட்ஸ் லேட்டாச்சுன்னா உலகத்துலயே சிறந்த பில்லிங் கம்பெனியாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. இப்ப அன்னன்னிக்கு நோட்ஸை முடிச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போறது.

எங்க பக்கம் இன்னொண்ணும் மாத்தினோம். ஜனவரி வந்தா எல்லா பேஷன்ட்டோட கார்டையும் முன்பக்கம், பின்பக்கம் ரெண்டும் மறுபடி போட்டோ எடுக்கறோம். மெடிகேர்ல இருக்கிற பெரியவங்க பல பேர் வருஷக் கடைசியில தனியார் கம்பெனிங்க நடத்தற மெடிகேர் அட்வான்டேஜ் ப்ளானுக்கு மாறியிருப்பாங்க. ஆனா பர்ஸ்ல அந்தப் பழைய சிவப்பு, வெள்ளை, நீலக் கார்டு பத்திரமா இருக்கும், அதைத்தான் எடுத்துக் கொடுப்பாங்க. நாம மெடிகேருக்கு அனுப்புவோம், எங்ககிட்ட இல்லன்னு திரும்பி வரும். "தாத்தா, வேற ஏதாவது கார்டு தபால்ல வந்துச்சா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும். அந்த ஒரு வார்த்தை ரெண்டு மாசத்தை மிச்சம் பண்ணும்.

அப்புறம் கே.எக்ஸ். மாடிஃபயர். 1997-ல ஒரு சட்டம் வந்து, மெடிகேர்ல வருஷத்துக்கு இவ்வளவுக்கு மேல தெரபிக்குக் காசு கிடையாதுன்னு உச்சவரம்பு போட்டாங்க. 2018-ல அதை எடுத்துட்டாங்க. ஆனா ஒரு எல்லைக்கோடு இன்னும் இருக்கு: 2025-ல 2,410 டாலர். அதைத் தாண்டினா, இவருக்கு இன்னும் சிகிச்சை தேவை, நோட்ஸ்ல அதுக்கு ஆதாரம் இருக்குன்னு நாம உறுதி சொல்ற மாதிரி கே.எக்ஸ். ஒட்டணும். இதுல பேச்சுத் தெரபியும் சேர்த்தி. பக்கவாதம் வந்து வேற இடத்துல பேச்சுப் பயிற்சி எடுத்துட்டு நம்மகிட்ட நடைப் பயிற்சிக்கு வர்றவருக்கு, பாதிக் கணக்கு அங்கயே போயிருக்கும். திருச்சிப் பொண்ணு முதல் நாளே அதைப் பார்த்துச் சொல்லிடுது. "மேடம், இவருக்கு 1,900 ஏற்கெனவே ஆயிடுச்சு"ன்னு. பழைய கம்பெனிகள்ல இது க்ளெய்ம் திரும்பி வந்தப்புறம்தான் தெரியும்.

43-ல 39 வந்துடுச்சுன்னு சொன்னேன் இல்ல? மிச்சம் 4. எல்லாம் மார்ச் மாசத்து முதல் வாரங்கள். மறுபரிசீலனைக்கு 180 நாள் கெடு, செப்டம்பர்ல நாங்க கண்டுபிடிக்கறதுக்குள்ள தாண்டிடுச்சு. போகட்டும்னு நான் விட்டுட்டேன். கணக்குலயும் கழிச்சுடச் சொல்லிட்டேன்.

வியாழக்கிழமை அந்த 61 டாலர் வந்ததும் மெசேஜ் போட்டேன், ரொம்ப நன்றிம்மா, முடிஞ்சுதுன்னு.

உடனே பதில். "இன்னும் 4 இருக்கு மேடம். நீங்க அட்ரஸ் மாத்த ஃபாரம் அனுப்பினீங்கல்ல, அதுக்கு ஏதாவது ப்ரூஃப் இருக்கா? நாம கெடுவுக்குள்ள சொல்லிட்டோம், ஏத்தாதது அவங்க தப்புன்னு காட்டினா ரெண்டாவது அப்பீல் போடலாம்."

நேத்து ராத்திரி பழைய ஃபைல் பெட்டியைக் கவுத்துப் போட்டு உக்காந்தேன். வாடகை ஒப்பந்தம், மேஜை வாங்கின பில், பெயின்ட் அடிச்சவர் ரசீது எல்லாம் கலந்து கிடக்கு. அதுக்கு நடுவுல இருந்துச்சு. ஃபாக்ஸ் போனதுக்கான ஒப்புதல் தாள். மேல தேதி, நேரம், அவங்க ஃபாக்ஸ் நம்பர், 3 பக்கம், வெற்றின்னு போட்டிருக்கு. இடம் மாறறதுக்கு பதினோரு நாளைக்கு முன்னாடியே அனுப்பியிருக்கேன்.

போட்டோ எடுத்து அனுப்பினேன். அங்க அப்ப காலை பத்தரை, ஷிப்ட் முடிஞ்சு தூங்கற நேரம். இருந்தும் ரெண்டே நிமிஷத்துல பதில் வந்துச்சு: "சூப்பர் மேடம். இன்னிக்கு ஈவ்னிங் லெட்டர் ரெடி பண்றேன். நாலுலயும் உங்க கையெழுத்து வேணும்."

லெட்டர் வந்துடுச்சு. இதோ பிரிண்டர் ஓடிக்கிட்டிருக்கு.